உண்டியல் தூக்கியவருக்கும் ஒரு பதக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் ஒரே பக்கத்தில் மூன்று மாதிரிக் காசோலைப் படங்கள் வந்திருந்தன. கதவு அகலத்துக்கு ஓர் அட்டை, அதில் பெரிய எழுத்தில் தொகை, அட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடி ஒரு டத்தோ (அரசு விருதாகக் கொடுக்கும் பட்டம் பெற்றவர்), மறுமுனையில் இன்னொரு டத்தோ, நடுவில் சட்டமன்ற உறுப்பினர், பின்வரிசையில் எட்டிப் பார்க்கும் பத்துப் பேர். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே மாதிரிப் படங்களை நானே உங்கள் அலுவலகத்துக்குப் பல வருடம் அனுப்பியிருக்கிறேன், வராவிட்டால் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்டும் இருக்கிறேன். பினாங்கு பட்டர்வொர்த்தில் ஒரு சின்ன நல உதவிக் குழுவுக்குப் பதினெட்டு வருடம் பொருளாளராக இருந்தவன் நான், இப்போது ஓய்வு. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் தோன்றியது இதுதான். தர்மக் காரியத்தில் பணம் கொடுத்தவரை ஊருக்குத் தெரிகிறது, வாங்கிக்கொண்டவரையும் தெரிகிறது. நடுவில் நின்று அதை வெள்ளி வெள்ளியாக, அதாவது ரிங்கிட் ரிங்கிட்டாக, திரட்டிய ஆள் எங்கே போனார்?

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். பெயரைப் போட்டால் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். எனக்கும் வயது அறுபத்தாறு, அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. காலையில் ராஜா ஊடா பக்கம் இடியப்பம் விற்பார். பத்து மணிக்குள் கூடை காலியாகிவிடும். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குளித்து, சேலை மாற்றி, கைப்பையில் எங்கள் குழுவின் ரசீதுப் புத்தகத்தையும் ஒரு 555 புத்தகத்தையும் போட்டுக்கொண்டு வசூலுக்குக் கிளம்பிவிடுவார். (இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன், 555 புத்தகம் என்பது மளிகைக் கடைக்காரர்கள் கடன் எழுதி வைக்கும் கையடக்க நோட்டு. இப்போதும் கிடைக்கிறது.) மாக் மண்டின், பாகான் டாலாம், சந்தைக் கடைகள், சில தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) என்று வாரத்துக்கு ஒரு பக்கம். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி, சில வீடுகளில் இரண்டு வெள்ளி. ஐம்பது காசு கொடுத்த ஒரு பையனுக்கும் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அந்த ரசீது அச்சடித்த செலவே அதற்குக் கிட்டத்தட்ட வந்திருக்கும் என்று நான் கணக்குக்காரன் புத்தியில் சொன்னபோது, முறைத்தார்.

எதற்கு வசூல்? டயாலிசிஸ் நோயாளிகளுக்கு. இந்த வியாதி வந்த வீட்டுக்குத்தான் தெரியும் அதன் கணக்கு. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், மாதத்துக்குப் பதின்மூன்று முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையைத் தவறவிட்டால் கால் வீங்கிவிடும், இரண்டைத் தவறவிட்டால் மூச்சு முட்டும். சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, சந்தா கட்டி வேலை செய்தவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உதவி கிடைக்கும். கூலிக்கு லோரி ஓட்டியவர், கடையில் பாத்திரம் கழுவிய அம்மா, சொந்தமாகப் பழ வண்டி தள்ளியவர், இவர்களுக்கெல்லாம் யார் சந்தா கட்டினார்கள்? தர்ம நிலையங்கள் கட்டணத்தைக் குறைத்துத்தான் வாங்குகின்றன, அந்தக் குறைந்த கட்டணமும் வீட்டு வாடகையோடு போட்டி போடும். அதற்கு மேல் இரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசி தனி, போக வர வாடகைக் கார் தனி. நாங்கள் ஆறு பேருக்கு, ஒரு தடவைக்கு நாற்பது வெள்ளி வீதம் கட்டி வந்தோம். மாதம் 3,120 வெள்ளி. கோயில் திருவிழா வந்தாலும் சரி, தீபாவளி வந்தாலும் சரி, ஏழாம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த அக்காவின் கைப்பையிலிருந்து வந்தது. அவர் குழுவில் சேர்ந்த பதினோரு வருடக் கணக்கை நான் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 158,000 வெள்ளியும் சில்லறையும்.

வசூலுக்குப் போவது எப்படிப்பட்ட வேலை என்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் இரண்டு முறை அவரோடு போனேன், மூன்றாம் முறை முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். மணி அடித்தால் நாய் முதலில் வரும். உள்ளே டிவி ஓடும், ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லி ஒரு குரல் கேட்கும், குழந்தை வெளியே வந்து அப்பா ஆள் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு என்று சொல்லும். போன மாசம்தானே வந்தீங்க என்பார்கள். இதெல்லாம் போகட்டும். ஒரு வீட்டில் நன்றாக உடுத்திய ஒருவர், கையில் ஐந்து வெள்ளி நோட்டை வைத்துக்கொண்டே, இதில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கி, ரசீது எழுதி, தேதி போட்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, தெருமுனை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கமிஷன் எவ்வளவு என்று அந்த வீட்டுக்காரர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக் கடையில்) ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தால், லேமினேட் செய்த கடிதத்தையும் குழந்தைகள் படத்தையும் காட்டிக்கொண்டு மேசை மேசையாக வருகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த இல்லம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேனாவை விற்றுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்வதற்கென்று 1947ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, போலீஸிடம் உரிமம் வாங்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் வாங்கினோம். எத்தனை பேர் உரிமத்தைக் காட்டு என்று கேட்டார்கள்? பதினெட்டு வருடத்தில் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். காட்டியதும் ஐம்பது வெள்ளி கொடுத்தார்.

சரி, அந்த விருந்துக் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் பிறை ஊரில் ஒரு மண்டபத்தில் நிதி திரட்டும் விருந்து வைத்தோம். மேசைக்கு 800 வெள்ளி, பத்துப் பேர் உட்காரலாம். அக்கா மட்டும் ஒன்பது மேசை விற்றார், இடியப்பம் வாங்க வருகிற மெக்கானிக், முடி திருத்துகிறவர், துறைமுகத்தில் வேலை செய்கிறவர் என்று பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஆளுக்கு எண்பது வெள்ளி தவணையில் வாங்கி. சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தார், 20,000 வெள்ளி கொடுத்தார். அந்தப் பணத்தால் ஆறு மாதம் மூச்சு விட்டோம், அதை நான் மறக்கவில்லை, அவர் நன்றாக இருக்கட்டும். மேடையில் மாலை, பொன்னாடை, மாதிரிக் காசோலை, படம். பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும் என்றதும், வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டோம். கூப்பிட்டது நான்தான். அவர் பொன்னாடை வாங்க மேடைக்கு வரவில்லை, பொன்னாடையைச் சுமந்துகொண்டு வந்தார். அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தபோது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். தட்டு தெரிந்தது, தட்டைப் பிடித்த கையும் அதில் இரண்டு வளையலும் தெரிந்தன. அக்கா அதைக் கத்தரித்துப் பெட்டியின் மேல், அதாவது ஐஸ் பெட்டியின் கதவில், ஒட்டி வைத்திருக்கிறார். என் கை வந்திருக்கு பாத்தீங்களா தம்பி என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதை வீட்டில் சொன்னால் என் மனைவி, சேவை செய்கிறவர் பதக்கத்தை எதிர்பார்க்கலாமா, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்களே என்கிறார். கொடுக்கிற கைக்கு அது சரி. வசூல் பண்ணுகிற கை ஊருக்கே தெரிய வேண்டும், தெரியாமல் வசூல் பண்ணினால் போலீஸ் வரும். அது போக, கொடுத்தவருக்கு நாம் ஒன்றும் குறை வைப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு வரைக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம், மாலை உண்டு, படம் உண்டு, நாலு வருடம் தொடர்ந்து கொடுத்தால் அரசு விருதுப் பட்டியலில் பெயரும் வரலாம். திரட்டியவருக்கு பெட்ரோல் காசு கூடச் சொந்தப் பை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18லிருந்து நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். வசூலுக்குப் போக முடியாது, ஆனால் சிறுநீரகத்துக்குக் கட்டுப்பாடு உத்தரவெல்லாம் தெரியாது, ஏழாம் தேதி வந்துவிடும். அக்காவுக்கு வங்கிச் செயலி எதுவும் தெரியாது. அவர் 555 புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொருவராகப் போன் போடுவார், அவர்கள் குழுவின் கணக்கில் பணம் போட்டுச் சீட்டை வாட்ஸாப்பில் எனக்கு அனுப்புவார்கள், நான் ராத்திரி எட்டு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்து யார் யார் எவ்வளவு என்று வாசிப்பேன், அவர் எழுதிக்கொள்வார். அந்த நாட்களில்தான் டிவியில் இங்கிலாந்துக் கிழவர் ஒருவரைக் காட்டினார்கள். கேப்டன் டாம் மூர். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த மனிதர். (பர்மா என்றதும் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத என் பெரிய தாத்தா ஞாபகம் வந்தது, அது வேறு கதை.) நூறாவது பிறந்தநாளுக்குள் தன் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து, மருத்துவ ஊழியர்களுக்காக 1,000 பவுண்டு சேர்க்கலாம் என்று நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். கடைசியில் சேர்ந்தது ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் பவுண்டு. அந்த வருடம் ஜூலையில் எலிசபெத் மகாராணி தன் தகப்பனாரின் வாளால் அவர் தோளைத் தொட்டு சர் பட்டம் கொடுத்தார்.

அவரைப் பார்த்து லண்டனில் இன்னொரு நூறு வயதுக்காரர், தபீருல் இஸ்லாம் சௌத்ரி, பூர்வீகம் வங்கம், ரமலான் நோன்பு வைத்துக்கொண்டே குடியிருப்புத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து 400,000 பவுண்டுக்கு மேல் திரட்டினார், அவருக்கும் அரசு விருது. குழந்தையாக இருந்தபோதே இரண்டு கால்களையும் இழந்த ஒரு சின்னப் பையன் செயற்கைக் காலோடு பத்து கிலோமீட்டர் நடந்து மருத்துவமனைக்கு 10 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினான், 2024 புத்தாண்டுப் பட்டியலில் அவனுக்கும் பதக்கம். மூன்று பேருமே தம் பையிலிருந்து கோடி கொடுத்தவர்கள் இல்லை. நடந்தார்கள், ஊர் கொடுத்தது. அங்கே அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், அக்கம்பக்கத்தில் கைப்படச் சேவை செய்கிறவர்களுக்கென்றே ஒரு பதக்கத்தை 2012இல் மறுபடி கொண்டுவந்தார்கள், அரண்மனைக்குப் போக வேண்டியதில்லை, அந்தந்த வட்டாரத்திலேயே கொடுப்பார்கள்.

வெள்ளைக்காரன் செய்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களே இதில் பெரிய அடி வாங்கியவர்கள். ஜிம்மி சாவில் என்று ஒரு டிவி பிரபலம், ஓடி ஓடி நிதி திரட்டியவர், 4 கோடி பவுண்டு வரைக்கும் திரட்டியதாகச் சொல்வார்கள், 1990இல் அவருக்கும் சர் பட்டம். 2011இல் இறந்தார், சவ ஊர்வலத்துக்குக் கூட்டம். அடுத்த வருடமே தெரிந்தது, நிதி திரட்டிக் கொடுத்த மருத்துவமனைகளிலேயே, அங்கிருந்த பிள்ளைகளிடமே அந்த ஆள் செய்த பாலியல் அக்கிரமம். பட்டத்தைப் பறிக்கலாம் என்றால், இறந்தவரின் பட்டம் சாவோடு முடிந்துவிடுகிறது, பறிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நிதி திரட்டுகிறவர் என்ற பெயரே அவருக்குக் கதவு திறக்கும் சாவியாக இருந்திருக்கிறது. டாம் மூர் விஷயத்திலும், அவர் திரட்டிய பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதில் பழுதில்லை. ஆனால் அவர் பெயரில் பின்னால் தொடங்கிய அறக்கட்டளையில் குடும்பத்தார் நடந்துகொண்ட முறை தவறு என்று அந்த நாட்டு அறநிலைய ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கையே வெளியிட்டது.

ஆகவே நான் கேட்பது, திரட்டியவர் எல்லோருக்கும் உடனே பதக்கத்தைக் குத்திவிடுங்கள் என்று இல்லை. முதலில் கணக்கைப் பாருங்கள். பத்து வருட ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பாருங்கள், வங்கிச் சீட்டைப் பாருங்கள், பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிற நோயாளியிடம் போய்க் கேளுங்கள். அவருடைய தொகை சின்னதாக இருக்கட்டும், விடாமல் வந்ததா என்று பாருங்கள். ஒரே ராத்திரியில் ஒரு லட்சம் திரட்டியவரைவிட, பதினோரு வருடம் ஒரு மாதம் கூடத் தவறாமல் 1,200 வெள்ளி கொண்டுவந்து கொடுத்தவரிடம் கணக்கு கேட்பது சுலபம். எங்கள் அக்காவின் 555 புத்தகங்கள் மொத்தம் முப்பத்தொன்று, மைலோ டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு தடவை ஆண்டுக் கணக்கில் 7 வெள்ளி உதைத்தது. நானும் தணிக்கையாளரும் இரண்டு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். அக்கா தன் புத்தகத்தைப் பார்த்து, மார்ச் மாசம் அந்த மீன் கடைக்காரர் ரசீதை நீங்க ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க தம்பி என்றார். என் தப்புதான்.

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை வந்தபோது, தமிழ் நூல்களுக்காகத் தமிழ் முரசு ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், சாதாரணத் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். இந்த இரண்டு பெயரும் நமக்குத் தெரியும், நன்றியோடு சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலும்) சம்பள நாளன்று நின்று, அந்தப் பத்து வெள்ளியை வாங்கிச் சிட்டை எழுதியவர் யார்? என் மாமா ஒருவர் கெடாவில் ஒரு தோட்டத்தில் அந்த வேலையைச் செய்தார். சாகும்போது அவர் பெட்டியில் அந்தச் சிட்டைகளின் அடிக்கட்டைகள் இருந்தன, யாருக்கும் என்னவென்று தெரியாமல் எரித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 'பாலம்' கல்யாணசுந்தரம் ஐயாவுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கல்லூரி நூலகராக இருந்து சம்பளத்தையே கொடுத்தவர் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்குப் பிடித்தது அவர் தன் அமைப்புக்கு வைத்த பெயர். கொடுப்பவரையும் தேவைப்படுபவரையும் இணைக்கிற பாலம். வசூல்காரனுக்கு இதைவிட நல்ல பெயரை நான் கேட்டதில்லை. மதுரையில் யாசகம் எடுத்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரம் ரூபாயாகக் கொரோனா நிதிக்குக் கொண்டுபோய்க் கட்டிய ஒரு பெரியவரை 2020இல் மாவட்ட ஆட்சியர் கௌரவித்தார். அந்தச் செய்தியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் கமிஷன் எவ்வளவுன்னு கேட்டிருப்பாங்களோ என்றார்.

இங்கே நடுவில் இன்னொரு வியாபாரம் நடக்கிறது, அதையும் சொல்லாமல் விட மனமில்லை. ஒருநாள் எனக்கே ஒரு கடிதம் வந்தது. பளபள தாள், தங்க முத்திரை. என் சமூக சேவையைப் பாராட்டி ஒரு நட்சத்திர ஓட்டலில் எனக்கு விருது தரப் போகிறார்களாம். முதலில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், விருது பெறுபவர் குறைந்தது இரண்டு மேசை எடுக்க வேண்டும், நினைவு மலரில் ஒரு பக்க விளம்பரம் கட்டாயம். அந்தப் பணத்தில் ஒரு நோயாளிக்குப் பல மாதம் டயாலிசிஸ் ஓடும். கடிதத்தின் பின்பக்கத்தில் சந்தைக் கணக்கு எழுதினேன். பட்டம், விருது பெயரில் நடக்கிற மோசடிக்கென்றே 2017இல் நம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது என்றால், பித்தளையை விற்கிறவர்கள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள் பாருங்கள். போலிப் பட்டம் இப்படிக் கடை விரிப்பதற்கு ஒரு காரணம், உண்மையான சின்னப் பதக்கங்கள் சின்ன ஆட்களுக்குப் போய்ச் சேராததுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் பதக்கம் இல்லாமல் இல்லை. பினாங்கில் ஒவ்வொரு வருடமும் ஜூலை இரண்டாம் சனிக்கிழமை ஆளுநரின் அதிகாரபூர்வப் பிறந்தநாள். அதையொட்டி விருதுப் பட்டியல் வரும், மறுநாளிலிருந்து உங்கள் பத்திரிகையில் டத்தோ பட்டம் பெற்றவர்களுக்கு வாழ்த்து விளம்பரம் பக்கம் பக்கமாக வரும், அதில் தப்பில்லை, பத்திரிகையும் ஓட வேண்டுமே. அதே பட்டியலில் கீழே இறங்கிப் பார்த்தால் பி.கே.டி., பி.ஜே.கே., பி.ஜே.எம். என்று பதக்கங்கள் இருக்கின்றன. பெயருக்கு முன்னால் எதுவும் ஒட்டாது, நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஒரு வில்லை, அவ்வளவுதான். பி.ஜே.எம். என்றால் சமூக சேவைப் பதக்கம், சமூகத்துக்கு உழைத்தவருக்கு என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நம் பெயர்களைத் தேடுகிறேன். அரசு ஊழியர்கள் இருப்பார்கள், கட்சிக் கிளைத் தலைவர்கள் இருப்பார்கள், சில நல்லவர்களும் இருப்பார்கள். வசூல் புத்தகம் தூக்கியவரைத் தேடினால் கண் வலிக்கும்.

இதற்கு அரசாங்கத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. யாராவது பரிந்துரைக்காமல் ஒரு பெயர் தானாக நடந்து பட்டியலுக்குள் போகாது. நம் சங்கங்களில் பரிந்துரை என்றாலே தலைவர் தன் பெயரை முதலிலும், செயலாளர் பெயரை இரண்டாவதாகவும் எழுதி, மூன்றாவதாக நன்கொடை கொடுத்தவரின் மைத்துனரை எழுதுவார். நானும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து டீ குடித்தவன்தான், கை தூக்கி ஒன்றும் கேட்காதவன்தான். பதினெட்டு வருடத்தில் அக்கா பெயரை ஒரு தடவை கூட நான் சொல்லவில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. மாதிரிக் காசோலைப் படம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் படத்தோடு செய்தி அனுப்புகிற அமைப்பிடம், இந்தப் பணத்தில் பொதுமக்களிடம் திரட்டியது எவ்வளவு, திரட்டியவர்கள் யார், போன வருடக் கணக்கு எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் படத்துக்குக் கீழே போடுங்கள், வராவிட்டால் படத்தையும் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். ஜூலைப் பட்டியலுக்கு முன்னால், உங்கள் வட்டாரத்தில் விடாமல் வசூல் செய்து கணக்குக் காட்டுகிறவர் யார் என்று வாசகர்களிடம் கேட்டு வாரத்துக்கு ஒருவரைப் பற்றி எழுதினாலும் போதும். பரிந்துரை எழுத நினைப்பவர்களுக்கு அது கையில் ஒரு ஆதாரமாக இருக்கும்.

நான் என் பங்குக்கு ஒரு நண்பர் மூலம் பரிந்துரைப் பாரம் ஒன்றை வாங்கிவந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மலாயில் இருக்கிறது, அது பரவாயில்லை. பதவி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன், குழுவில் அவருக்குப் பதவியே கொடுக்காமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'வசூல், 11 ஆண்டு' என்று எழுதிவிட்டேன். அடையாள அட்டை நகல் கேட்டுப் போனபோது அக்கா, எதுக்கு, யாருக்கு லோன் போடப் போறீங்க என்று சந்தேகமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு நகலை எடுத்துக்கொடுத்தார். ஒரு படமும் வேண்டும் அக்கா, பாஸ்போர்ட் அளவு, என்றேன்.

ஐஸ் பெட்டியைக் காட்டி, அதான் பேப்பர்லயே வந்துச்சே தம்பி, அதை ஒட்டுங்க என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பொருளாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.